வாவிக்கரை வீட்டின் பழைய தரை: பூக்கல்லும் சிவப்புச் சீமெந்தும் மீளப் போட்ட வேலைப் பதிவு

மட்டக்களப்பு வாவியோரம், புளியந்தீவுப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு ஒன்றின் தரை வேலை இது. ஹோல் 12 அடிக்கு 14 அடி 8 அங்குலம். அதன் நடுவே பூ வேலைப்பாடுள்ள 8 அங்குலச் சதுரச் சீமெந்துக் கற்கள், சுற்றிவரச் சிவப்புச் சீமெந்து ஓரம். முன் விறாந்தை 20 அடிக்கு 6 அடி, முழுக்கச் சிவப்புச் சீமெந்து. பக்கத்து அறையிலும் அதே சிவப்பு, 2 அடிக் கட்டங்களாகக் கோடு கீறியது. ஹோலில் கற்கள் எழும்பி ஆடின, விறாந்தை பாதிக்கு மேல் வெடித்துத் தூளாய்ப் போயிருந்தது, அறையில் மூன்று கட்டங்கள் மட்டும் பழுது. வேலையும் மூன்று விதமாகவே நடந்தது: ஹோலில் கழற்றி மீளப் பதித்தல், விறாந்தையில் அடியோடு புதிதாகப் போடுதல், அறையில் கட்டம் மாற்றுதல்.

கையிலிருப்பது எந்தக் கல் என்று அறியாமல் உளியை வைக்கக் கூடாது. பழைய பூக்கற்கள் மூன்று வகை. இங்கிலாந்தின் மின்டன் போன்றவர்கள் செய்த சுட்ட களிமண் கல் கடினமானது, உடைந்த வாயில் பல நிறக் களிமண் தெரியும், அமிலத்துக்கு ஓரளவு தாங்கும். இரண்டாவது, அழுத்த இயந்திரத்தில் செய்யும் சீமெந்துக் கல். இது சுடாத கல். 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. மேலே 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை நிறச் சீமெந்து, அடியில் மணல் கலந்த சாம்பல் சீமெந்து, மொத்தம் முக்கால் முதல் ஓர் அங்குலத் தடிப்பு. மூன்றாவது, தமிழ்நாட்டு ஆத்தங்குடிக் கல். அதையும் சுடுவதில்லை. இயந்திர அழுத்தம் இல்லாமல் கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி எடுப்பார்கள், மேல்முகம் கண்ணாடி போலவே வழுவழுப்பாக வரும். இந்த ஹோலில் இருந்தவை இரண்டாவது வகை. உடைந்த துண்டில் தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டதும் நுரைத்தது, அதோடு சுட்ட கல்லோ என்ற சந்தேகம் தீர்ந்தது. சீமெந்துக் கல்லுக்கு எந்த அமிலமும் ஆகாது. குளியலறை கழுவும் அமிலத் திரவத்தால் ஒரே ஒரு முறை துடைத்தாலும் பூவின் விளிம்பு மங்கிவிடும், பிறகு எந்த மெழுகும் அதைத் திருப்பித் தராது.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை அங்குல இரும்புக் கம்பியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வந்தவற்றில் சோக்கால் புள்ளடி போட்டோம். பின்னர் 18 அங்குலச் சதுரப் பொலித்தீன் துண்டுகளை ஹோலிலும் விறாந்தையிலுமாக நாலு இடத்தில் விரித்து, நாலு பக்கமும் ஒட்டு நாடாவால் அடைத்து ஒரு முழு நாள் விட்டோம். எடுத்தபோது அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி, தரை கறுத்திருந்தது. ஈரம் நிலத்திலிருந்து வருகிறது, கூரையிலிருந்து அல்ல.

வெள்ளைப் பூப்பு இருவகை, இரண்டுக்கும் மருந்து வேறு. சுரண்டி எடுத்த தூளைக் கோப்பையில் போட்டு நல்ல தண்ணீர் விட்டால் கரைகிறதா, அது நிலத்து உப்பு. கரையாமல் நின்று, வினாகிரி விட்டதும் நுரைக்கிறதா, அது சீமெந்திலிருந்தே வந்த சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூப்பு நாளடைவில் அடங்கும், மெழுகில் மறையும். நிலத்து உப்பு அடங்காது. வாவிக்கரை மண்ணின் சவர்த்தண்ணீர் மண்துளைகள் வழியாக மேலேறி, தரையின் மேல்முகத்தில் காய்கிறது. காயும்போது உப்புப் பளிங்காகப் பருக்கிறது, பருக்கும் உப்பு நிறத்தோலை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. மாரியில் ஏறுவதும் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காய்வதுமாக ஆண்டுக்காண்டு இது நடக்கும். இங்கே பழைய தரைகள் கால்பட்டுத் தேய்ந்து அழிவதில்லை, அடியிலிருந்து ஏறும் உப்பில்தான் அழிகின்றன. இதனால்தான் பழைய தரைக்கு மேலேயே புது டைல் ஒட்டுவதை நாங்கள் ஏற்பதில்லை. மேலே மூடினால் ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். சில மாரிக்குள் சுவரின் அடிச்சாந்து ஊதும், டைலும் கிளம்பும், அடியில் இருந்த நல்ல பூக்கல்லும் பசையோடு நாசமாகும். எப்பொக்சி, பொலியூரிதேன் பூச்சுகளும் அப்படித்தான். கொஞ்சக் காலம் மினுங்கும், பிறகு தோல் தோலாய் உரியும்.

வேலைக்குப் பங்குனியும் சித்திரையும் வாய்ப்பான மாதங்கள். ஐப்பசி முதல் தை வரை வாடை மழையில் வாவி நிரம்பி நிலத்தடி நீரும் மேலே நிற்கும். தோண்டிய குழியிலேயே தண்ணீர் ஊறும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது செய்யலாம், ஆனால் நிறப்பூச்சு விடியற்காலையில் முடிந்திருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

கற்களைக் கழற்றுதல்

கழற்றுமுன் ஹோலின் படம் ஒன்றைக் கட்டத்தாளில் வரைந்து, ஒவ்வொரு கல்லுக்கும் வரிசை எழுத்தும் எண்ணும் கொடுத்தோம். அகலத்தில் 12 கல், நீளத்தில் 16 கல், மொத்தம் 192. வெளிச்சுற்றில் கரைவடிவம் கொண்டவை 52, உள்ளே பூவடிவம் 140. நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுமையாகும், ஆகவே உள்ளே 35 பூ.

தொடக்கம் எப்போதும் ஏற்கெனவே உடைந்த கல்லிலிருந்துதான். அதைச் சிறு துண்டுகளாய் உடைத்து எடுத்து, அந்தக் குழிவழியாகப் பக்கத்துக் கல்லின் அடிச்சாந்துக்குள் தட்டையான உளியைக் கிடையாகச் செலுத்த வேண்டும். உளி மேலே சாய்ந்தால் கல்லின் மூலை போகும். பழைய சாந்து முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு, அது மிருதுவானது, சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டுப் போதும். ஓர் ஓரத்தில் பிற்காலத்தில் யாரோ சீமெந்துச் சாந்தில் பதித்த வரிசை ஒன்றிருந்தது. அங்கே உளி உதவவில்லை. கிறைண்டரில் 4 அங்குல வைரத் தட்டுப் போட்டுக் கல்லிடை வெட்டி, அடிச்சாந்தைத் துண்டு துண்டாய் எடுக்க வேண்டியதாயிற்று. இந்தத் தூளில் சிலிக்கா உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். துணி கட்டினால் போதாது, தூசு வடிக்கும் முகமூடி கட்டாயம்.

கழற்றிய கல்லின் முதுகிலுள்ள சாந்தைச் சுரண்டி, எண்ணை முதுகிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டு, பீப்பாக்களில் நல்ல தண்ணீரில் நிறுத்தி ஊறவிட்டோம். கல்லோடு கல் முகம் ஒட்டக் கூடாது, இடையில் ஈர்க்கு வைக்கலாம். தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். உப்பு இறங்கிவிட்டதா என்று அறிய, பீப்பாத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வெயிலில் கண்ணாடித் துண்டின் மேல் காயவிட வேண்டும். வெள்ளைப் படிவு தெரிந்தால் இன்னும் ஊறட்டும். சவர்க் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் இந்தப் பாடெல்லாம் வீண், குழாய்த் தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர்தான் வேண்டும்.

உடைந்து பயன்படாதவை உள்ளே 17, கரையில் 3. இந்த இடத்தில் பலரும் புதுக்கல் தேடிப் புறப்படுவார்கள். எங்கள் முறை வேறு. உள்வரிசையில் ஒரு பூ அகலம், அதாவது 10 கல் வீதம் இரண்டு வரிசையைக் குறைத்தால் தேவை 120 ஆகும், கையில் நல்லவை 123. கரையும் சுருங்கி 48 ஆகும், கையில் 49. மூலைக் கல் நான்கும் தப்பியிருந்தது பெரிய அதிர்ஷ்டம், மூலைக்கு மாற்றே கிடையாது. இப்படிச் செய்ததில் பூக்கல் பரப்பு 8 அடிக்கு 9 அடி 4 அங்குலமாகி, நீளவாட்டில் இரு முனையிலும் சிவப்பு ஓரம் 2 அடியிலிருந்து 2 அடி 8 அங்குலமாய் அகன்றது. பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் குறையாது. புதுக்கல் நடுவே வந்திருந்தால் நிறம் ஆயுளுக்கும் தனித்துத் தெரியும்.

நிலம்

தோண்டுமுன் சுவரோரம் ஒரு சிறு குழி எடுத்து அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் அது மிக மேலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே போகக் கூடாது. இங்கே இடமிருந்தது. முடிந்த தரைமட்டத்தைக் கதவு நிலைப்படியை வைத்துச் சுவரெங்கும் நூலடித்துக் குறித்து, அந்தக் குறியிலிருந்து எட்டரை அங்குலம் இறக்கினோம். கணக்கு இது: சல்லி 4 அங்குலம், கொங்கிரீட் 3, மீதி ஒன்றரையில் கல்லும் அதன் சாந்தும், அல்லது சிவப்புத் தரையின் அடிச்சாந்தும் நிறப்பூச்சும். சிவப்புப் பகுதியில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய மிஞ்சும், அதைக் கொங்கிரீட்டைக் கூட்டிச் சரிப்படுத்தலாம்.

அடிமணலை நனைத்துத் திமிசு போட்டபின் முக்கால் அங்குலக் கருங்கற் சல்லி, தூள் இல்லாமல், 4 அங்குலம். தூள் இல்லாமல் என்பதுதான் இதன் உயிர். தண்ணீர் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் ஏறும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் ஏற முடியாது. மணலோ கற்தூளோ கலந்தால் அந்த இடைவெளி அடைபட்டு, போட்ட காசு வீண். ஹோலுக்கும் விறாந்தைக்குமாக ஒரு கியூப்புக்கு, அதாவது 100 கன அடிக்கு, சற்று மேலே பிடித்தது. அதன் மேல் சாக்கு விரித்து, 1000 கேஜ் பொலித்தீன், மூட்டில் ஒரு விரிப்பு மற்றதன் மேல் ஓர் அடி ஏற. சாக்கு இல்லாவிட்டால் கொங்கிரீட் போட மிதிக்கும்போது சல்லி முனை பொலித்தீனைக் குத்தும்.

சுவரோரத்தில் ஒரு கவனம். இந்த வீட்டின் சுவருக்கு ஈரந்தடுப்புப் படை இல்லை. தரை முழுவதையும் அடைத்தால் ஈரம் சுவரைத் தேடிப் போகும். ஆகவே கொங்கிரீட்டைச் சுவரோடு ஒட்டவிடாமல் ஓர் அங்குலப் பலகை வைத்து நிறுத்தி, பிறகு பலகையை எடுத்து அந்தப் பள்ளத்தைச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று கலந்த சாந்தால் நிரப்பினோம். ஏறும் ஈரத்துக்கு மூச்சுவிட அது ஒரு வழி. உப்பு அங்கே பூத்தாலும் துடைத்துவிடலாம், அல்லது அந்த ஓரச் சாந்தை மட்டும் மாற்றலாம்.

கொங்கிரீட் 1:3:6. விறாந்தையின் 120 சதுர அடிக்கு 3 அங்குலத் தடிப்பில் 50 கிலோ சீமெந்துப் பை 4, மணல் 15 கன அடி, சல்லி 30 கன அடி. ஹோலுக்கு அதில் ஒன்றரை மடங்கு. விறாந்தைக்கு வெளிப்பக்கமாக 6 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். இந்த வாட்டத்தைக் கொங்கிரீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். மேற்சாந்தில் கொடுத்தால் ஒரு பக்கம் தடிப்பாயும் மறுபக்கம் மெல்லியதாயும் வந்து வெடிக்கும். மேல்முகத்தைத் தும்புத்தடியால் கீறிச் சொரசொரப்பாக விட்டு, ஏழு நாள் நனைத்தோம்.

மணல் ஆற்று மணல்தான். கடற்கரை மணலோ வாவிக்கரை மணலோ அடிக்கும் ஆகாது. கம்பி இல்லாத தரைதானே, துரு பிடிக்க என்ன இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். துரு அல்ல இங்கே கவலை, உப்பு மறுபடி பூக்கும் என்பதே. வந்த மணலைச் சோதிக்க: கண்ணாடிச் சாடியில் பாதிக்கு மணல், முக்கால்வாசிக்கு உப்புக் கரைத்த தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் விடுங்கள். மேலே படியும் வண்டல் மணலின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் போனால் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

பூக்கல் பதித்தல்

கற்சாந்து கல்லைவிட வலுவாயிருக்கக் கூடாது. நாளைக்கு ஒரு கல் உடைந்தால் பக்கத்துக் கல்லுக்குச் சேதமின்றிக் கழற்றவேண்டுமே. சீமெந்து 1, சுண்ணாம்புத் தூள் 1, மணல் 6. 75 சதுர அடிக்கு முக்கால் அங்குலத் தடிப்பில் சீமெந்து ஒரு பைக்குச் சற்றுக் குறைவு, சுண்ணாம்பு ஒரு கன அடி, மணல் 6 கன அடி.

ஹோலின் இரு நடுக்கோட்டையும் நூலடித்து, 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணத்தால் செங்கோணம் பிடித்தோம். பழைய ஹோல்கள் மூலைக்கு மூலை சரியாக இருப்பதில்லை. இங்கே ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்றேகால் அங்குல வேறுபாடு. நடுவிலிருந்து தொடங்கினால் அந்தக் கோணல் முழுவதும் சிவப்பு ஓரத்துக்குப் போய்விடும். 2 அடி அகல ஓரத்தில் ஒன்றேகால் அங்குலம் கண்ணுக்குப் பிடிபடாது. சுவரோரத்திலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு பூவும் சாய்ந்து நிற்கும்.

கல் உள்ளே ஈரமாக, முகமும் முதுகும் தண்ணீர் மினுங்காமல் இருக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிப் பிடிப்பைக் கெடுக்கும். முதுகுக்குச் சீமெந்துப் பால் தடவி, சாந்தின் மேல் வைத்து, இரு உள்ளங்கையாலும் அழுத்தி அசைத்து மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். றப்பர்ச் சுத்தியலால் நடுவில் அடித்தால் மயிர்வெடிப்பு விழும், அன்றைக்குத் தெரியாது, மெழுகு போட்டபின் கறுப்புக் கோடாய்த் தெரியும். கல்லிடை ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். நாலு கல்லுக்கொருதரம் மட்டத்தடியும் ரசமட்டமும் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய கற்களின் தடிப்பு ஒன்றுபோல் இராது, மேல்முகம்தான் கணக்கு, குறையைச் சாந்து வாங்கிக்கொள்ளும்.

இடை நிரப்புமுன் ஒரு மெல்லிய மெழுகு பூசினோம். பூசாமல் நிரப்பினால் சீமெந்துப் பால் வெள்ளைப் பகுதிக்குள் இறங்கிச் சாம்பல் கறை நிற்கும். நிரப்பும் கலவையில் கறுப்புச் சாயம் சேர்க்க வேண்டாம், அதுவும் கல்லுக்குள் இறங்கும். வெள்ளைச் சீமெந்தும் சலித்த நுண்மணலும் போதும்.

சிவப்பு

கல் பதித்துப் பலமான பிறகே ஓரத்துச் சிவப்பு. பூக்கல் பரப்பை முழுக்கப் பொலித்தீனால் மூடி விளிம்பை ஒட்டு நாடாவால் இறுக்கியிருக்க வேண்டும். கல்லுக்கும் சிவப்புக்கும் இடையே 4 மில்லிமீற்றர்க் கண்ணாடிப் பட்டி நிறுத்தி, அதையடுத்து 4 அங்குலக் கறுப்புக் கரை, பிறகு சிவப்பு. கண்ணாடிப் பட்டி அழகுக்கு மட்டும் இல்லை. இரு தரையும் வெவ்வேறாக விரிந்து சுருங்கும், வெடிப்பு விழ வேண்டிய இடத்தை முதலிலேயே ஒதுக்கிக் கொடுக்கிறது.

சாயம் இரும்பு ஒக்சைட்டாக இருக்க வேண்டும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஹார்ட்வெயார்க் கடைகளில் சில்லறையாய் நிறுத்துக் கொடுக்கும் சாயத்தை வாங்கினால் சோதித்துவிட்டே கலக்குங்கள். ஒரு சிட்டிகையைத் தண்ணீர்ப் போத்தலில் குலுக்கி வைத்தால் இரும்புச் சாயம் அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளியும், துணிச்சாயம் கலந்தது என்றால் தண்ணீர் நிறமாகவே நிற்கும். பழைய கரண்டியில் சூடாக்கினால் இரும்புச் சாயம் புகையாது. அளவு சீமெந்தின் எடையில் பத்தில் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். கூடுதல் சாயம் கூடுதல் சிவப்பைத் தராது. சீமெந்துத் துகள்களுக்கு நடுவே புகுந்து பிடிப்பைக் குறைத்து, காலில் ஒட்டும் தரையைத்தான் தரும். வெளிச்சமான சிவப்பு வேண்டுமென்றால் சாம்பல் சீமெந்தில் மூன்றில் ஒரு பங்கை வெள்ளைச் சீமெந்தாக மாற்றுங்கள்.

விறாந்தையின் 120 சதுர அடிக்கு 3 மில்லிமீற்றர் நிறப்பூச்சு: சீமெந்து 40 கிலோ, சாயம் 4 கிலோ, நுளம்பு வலையில் சலித்த நுண்மணல் 20 கிலோ. சேதாரமும் இதில் அடக்கம். முழுவதையும் ஒரே தடவையில் காய்ந்தபடியே கலந்து, மூன்றுமுறை சலித்து, வாளிகளில் மூடி வைக்க வேண்டும். பகுதி பகுதியாகக் கலந்தால் கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறும். தண்ணீரும் அளந்தே: 10 கிலோ சீமெந்துக்கு 4 லீற்றர். பதம் எருமைத் தயிர்போல, கரண்டியில் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. தண்ணீர் கூடிய வாளி வெளிறிய கட்டமாய் முடியும்.

அடிச்சாந்து சீமெந்து 1, மணல் 3, ஓர் அங்குலம். அதே 120 சதுர அடிக்கு ஏறத்தாழ 3 பை, மணல் 10 கன அடி. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடையில் தண்ணீர் கசியக் கூடாது. கொங்கிரீட்டைக் கழுவி, ஈரமாக்கி, சீமெந்துப் பால் தடவி, அது காயுமுன் சாந்தைப் பரப்பி மட்டத்தடியால் இழுத்து மரப்பலகையால் தேய்த்தோம். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் கட்டைவிரலை அழுத்தினால் எட்டில் ஓர் அங்குலம் மட்டும் பதியும். அந்தப் பதத்தில்தான் நிறம் ஏற வேண்டும். முந்தினால் நிறம் சாந்தில் கரைந்து மங்கும். பிந்தினால், அடுத்த நாளானால் சொல்லவே வேண்டாம், நிறத்தோல் தனியாக நின்று பொள்ளலடித்து உரியும். இங்கே உரிந்து கிடக்கும் சிவப்புத் தரைகளில் உப்பு காரணமில்லாதவை பெரும்பாலும் இந்தப் பச்சைப் பதம் தப்பியவையே.

இரும்புக் கரண்டியால் தேய்ப்பு மூன்று. முதலாவது பரப்பியவுடன், மட்டத்துக்கு. இரண்டாவது மேலே தண்ணீர் மினுக்கம் போனபின், அழுத்தி. மூன்றாவது கையை வைத்தால் நிறம் ஒட்டாத பதத்தில், முழுப் பாரத்தோடு. தரையின் மினுக்கமெல்லாம் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. மினுக்கத் தண்ணீர் போகவில்லை என்று காய்ந்த சீமெந்தைத் தூவி உறிஞ்சவைப்பது பரவலான பழக்கம். அது மேலே ஒரு மெல்லிய வலுவற்ற தோலை உண்டாக்கும், தோல் சில மாதத்தில் செதிலாய்க் கழரும். கடைசித் தேய்ப்பில் தண்ணீர் தெளிப்பதும் அதே கேடுதான். அளவுக்கு மேல் தேய்த்தால் கறுத்த பட்டை விழும், அது போகாது.

கச்சான் காற்றைப் பற்றி முன்னே சொன்னது இதற்காகத்தான். சூடான வறண்ட காற்று புதுப் பூச்சின் மேல்தண்ணீரை அடியிலிருந்து ஏறும் வேகத்துக்கு மேலே இழுத்துவிடும், அடி சுருங்காமல் மேல் மட்டும் சுருங்கி வலைபோல் வெடிக்கும். விறாந்தையின் திறந்த பக்கம் முழுக்கச் சாக்குப் படங்கு கட்டி, அதை நனைத்து வைத்தே நிறம் போட்டோம்.

2 அடிக் கட்டக் கோடுகளை மூன்றாவது தேய்ப்புக்கு முன் சணல்நூலை இறுக்கிப் பதித்து எடுத்தோம், அது பழைய முறை. ஆனால் அந்தக் கோடு வெடிப்பைத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் தடிப்பில் மூன்றிலொரு பங்கு ஆழமாவது வெட்ட வேண்டும். 20 அடி நீள விறாந்தைக்கு 6 அடி 8 அங்குலத்துக்கொன்றாய் இரண்டு கண்ணாடிப் பட்டிகளைக் கொங்கிரீட் மட்டம்வரை நிறுத்தி அந்தக் காரியத்தை முடித்தோம்.

மறுநாள் காலையில் ஓரங்களில் மணல் வரம்பு கட்டி ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தி, பத்து நாள் வற்றவிடவில்லை. விறாந்தையில் வாட்டம் உண்டு, ஆகவே குறுக்கு வரம்புகளும் வேண்டும். நிறத்தரைக்கு ஈரச்சாக்கு போடுவது நல்லதல்ல, சாக்கின் சாயமும் மடிப்பும் கறையாய் விழும். பொலித்தீனும் மடிப்பு மடிப்பாய் வெள்ளைக் கோடு விடும். தேங்கும் தண்ணீரே சிறந்தது, அதுவும் சவரற்ற தண்ணீர்.

அறையில் மூன்று கட்டம்

பழுதான இடத்தை மட்டும் வட்டமாய் வெட்டி ஒட்டுப்போட்டால் எந்த நிறமும் ஒத்துவராது, கண் நேரே அங்கேதான் போகும். கோட்டுக்குக் கோடு முழுக் கட்டத்தையும் மாற்றினால் சிறு நிறபேதம் கட்டங்களின் இயல்பான வேறுபாடாய்க் கரைந்துவிடும். கிறைண்டரைக் கோட்டிலேயே ஓடவிட்டு, முக்கால் அங்குலத்துக்குக் குறையாத ஆழத்தில் கட்டத்தைக் கொத்தி எடுத்தோம். தூசு உறிஞ்சி, ஈரமாக்கி, எஸ்.பி.ஆர். பாலும் (சாந்துக்குப் பிடிப்புத் தரும் செயற்கை றப்பர்ப் பால்) தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் சீமெந்தைக் கரைத்துத் தடிப்பாய்த் தடவி, காயுமுன் சாந்து போட வேண்டும். காய்ந்துவிட்டால் அந்தப் பூச்சே பிரிக்கும் படையாகிவிடும், சுரண்டிவிட்டு மறுபடி தடவ வேண்டும்.

நிறத்துக்கு முன்கூட்டியே தீப்பெட்டி அளவில் வில்லைகள் செய்து, சாயத்தை நூற்றுக்கு 5, 7, 10 என்று மாற்றியும் கொஞ்சம் கறுப்புச் சேர்த்தும் பார்த்தோம். வில்லையைப் பச்சையில் ஒப்பிடக் கூடாது. நன்றாகக் காய்ந்து மெழுகும் பூசிய பின்பே பழைய தரையோடு பக்கத்தில் வைக்க வேண்டும். நூற்றுக்கு 7 சிவப்பும், அந்தச் சிவப்பில் இருபதில் ஒரு பங்கு கறுப்பும் ஒத்துப்போனது.

மற்றக் கட்டங்களில் ஆண்டாண்டாய் ஏறிய கார்டினல் பொலிஷ் என்னும் சிவப்புத் தரைமெழுகு கறுத்த படையாய் இருந்தது. மினரல் தேப்பந்தைலத்தில் துணி நனைத்துப் போட்டு, பத்து நிமிடத்தில் மரச்சுரண்டியால் வழித்து, வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தோம். கம்பித் தும்பு வேண்டாம், ஒடிந்த இழை தரையில் தங்கித் துருப்புள்ளி வைக்கும்.

மெழுகு

நிறம் போட்டு 28 நாள் ஆகி, பொலித்தீன் சோதனையில் அடி காய்ந்திருந்தால் மட்டுமே மெழுகு. தேங்காய் எண்ணெய் தேய்ப்பது இங்கே வழமை. அது ஒருபோதும் உறையாத எண்ணெய், கொஞ்சம் கூடினாலும் பிசுக்காய் நின்று தூசு பிடித்துத் தரையைக் கறுக்கச் செய்யும். தேன்மெழுகு 100 கிராம், தேப்பந்தைலம் 400 மில்லிலீற்றர். மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த தகரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து, வெளியே கொண்டுபோன பிறகே தைலத்தை ஊற்ற வேண்டும், அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். சிவப்புத் தரைக்கானதில் ஒரு தேக்கரண்டிச் சாயம் சேர்க்கலாம். பூக்கல்லுக்கானதில் எதுவும் சேர்க்கக் கூடாது. துணியால் மிக மெல்லியதாய்ப் பூசி, சில மணி நேரம் விட்டு, பொச்சுமட்டையால் தேய்த்து மினுக்க வேண்டும். மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட மேல். மெழுகு ஈரத்தை முழுக்க அடைக்காது, மிச்சமாய் ஏறும் கொஞ்ச ஈரம் வெளியேறிப் போகலாம்.

முதல் மாரி வரை விரிப்பு எதையும், குறிப்பாக றப்பர் அடிப்பக்கம் கொண்டதை, தரையில் போட வேண்டாம். அலுமாரிக் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்துக் காற்றுப் போக விடுங்கள். வெள்ளைப் பூப்பு வந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். காய்ந்த தும்புத்தடியால் கூட்டி அள்ளி வீட்டுக்கு வெளியே போடுங்கள். அன்றாடம் வெறுந்தண்ணீர், எப்போதாவது மென்மையான சவர்க்காரம். மெழுகு மறுபூச்சு தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இடையில், மாரி ஈரம் காய்ந்தபின், ஆண்டுக்கு ஒருமுறை போதும். மீந்த நாலு கல்லையும், சீமெந்து கலக்காத சிவப்புச் சாயத்தில் ஒரு போத்தலையும், கட்டத்தாள் படத்தையும் வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். தனிச் சாயம் எத்தனை ஆண்டானாலும் கெடாது.